மேரி சொன்ன நல்ல வார்த்தை

லூர்து மேரியிடமிருந்து ஒரு விஷயத்தைக் கறக்க முடியாது என்பது ஒரகடம் கூட்டுரோடு முழுக்கத் தெரிந்த சங்கதி. வாலாஜாபாத் சாலையில், செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற நொச்சி சித்த மருத்துவ நிலையத்தில் முன்மேசை அவளுடையது. டோக்கன் கொடுப்பது, வந்தவரின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது, டாக்டர் எழுதிய சூரணத்தையும் தைலத்தையும் கட்டிக் கொடுப்பது, பத்தியம் சொல்லி அனுப்புவது எல்லாம் அவள்தான். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டத்தில் யாருக்கு மூலம், யாருக்கு மூட்டுவலி, யாருக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டுக்காரர் லூர்துராஜ் கேட்டால்கூடச் சொல்ல மாட்டாள். அவர் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தன்னோடு வேலை பார்க்கிற ஒருத்தன் அந்த மாடிப்படியில் இறங்கி வந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் மெதுவாக வாயைக் கிளறினார். அவன் கீழே செல்போன் கடைக்கு வந்திருப்பான், பேசாமல் சோற்றைத் தின்னுங்கள் என்று முடித்துவிட்டாள்.

அவள் அப்படி ஆனதற்குக் காரணம் இருக்கிறது. கல்யாணமான புதிதில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் காருக்கு ஒயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் லைனில் நின்றாள். முதல் கரு கலைந்தபோது படுத்த படுக்கையில் கிடந்து சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். காரணம் சொன்னால்தான் லீவு என்றான். சொன்னாள். அடுத்த ஷிஃப்ட் கூடியதும், இன்றைக்கு ஆள் குறைவு, எல்லாரும் கொஞ்ச நேரம் ஓ.டி. பார்க்கணும், மேரிக்குக் கரு கலைந்துவிட்டது என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டான் அந்தப் புண்ணியவான். அவனுக்குக் கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. ஆள் கணக்கு சொன்னான், அவ்வளவுதான். ஆனால் இவள் திரும்பி வந்த அன்றைக்கு ஒருத்தியும் இவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. எல்லாக் கண்ணும் வயிற்றில்தான். அந்த வாரம் பட்ட கூச்சத்தை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

பிறகு மணிக்கட்டு வீங்கி, ஒயர் பிடிக்க முடியாமல் போய், டாக்டர் சந்திரலேகாவிடம் வைத்தியத்துக்கு வந்தாள். காத்திருந்த பெஞ்சு வரைக்கும் உள்ளே ஒரு பெரியவர் தன் மலச்சிக்கலை விவரிக்கிற சத்தம் கேட்டது. பெஞ்சில் இருந்த இரண்டு பையன்கள் சிரித்தார்கள். மேரி எழுந்து போய் யாரையும் கேட்காமல் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பக்திப் பாட்டு காதைப் பிளந்தது. என்ன ஏது என்று வெளியே எட்டிப் பார்த்த டாக்டரிடம் காரணத்தைச் சொன்னாள். கை சரியானதும் வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். அப்படி வந்ததுதான் இந்த மேசை.

போன வருஷம் டாக்டர் சென்னையில் ஒரு வகுப்புக்குப் போய்விட்டு வந்தார். நோயாளிகளின் விவரத்தை எப்படி வாங்குவது, எங்கே வைப்பது, யாருக்குக் காட்டக்கூடாது என்பதற்கெல்லாம் சட்டம் வந்துவிட்டது, இனிமேல் நம் சின்ன கிளினிக்கும் ஒழுங்காக நடக்க வேண்டும் என்றார். பேரைச் சொல்லிக் கூப்பிடக்கூடாது, டோக்கன் எண் மட்டும். கம்ப்யூட்டர் திரை சுவரைப் பார்க்க வேண்டும், அதற்குப் பாஸ்வேர்டு. மருந்துக் கவரின் மேல் வியாதி பேர் இருக்கக்கூடாது. குணமானவர்களின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக்கூடாது. மேரிக்கு இதையெல்லாம் கேட்கக் கேட்க, தன் மனசில் இருந்ததை யாரோ அரசாங்கத்துக்குப் போய்ச் சொல்லிவிட்ட மாதிரி சந்தோஷமாக இருந்தது. டாக்டரைவிட அவள்தான் கறார். டீ குடிக்கப் போகும்போது டாக்டர் திரையைத் திறந்துபோட்டுப் போனால் டாக்டருக்கே திட்டு விழும். ஒரு கம்பெனியின் ஹெச்.ஆர். போன் செய்து, எங்கள் ஆள் ஒருத்தன் உங்களிடம் வைத்தியம் பார்ப்பதாகச் சொல்லி லீவு போடுகிறான், நிஜமா என்று கேட்டபோது, "இங்க யாரு வந்தாங்கன்னும் சொல்றதில்ல, வரலன்னும் சொல்றதில்ல சார்" என்று சொல்லிப் போனை வைத்தாள். அதை நினைத்து நினைத்து ஒரு வாரம் பூரித்துப் போயிருந்தாள். இருக்கட்டுமே, பெருமைப்பட வேண்டிய விஷயம்தானே.

கிளினிக்குக்குப் பின்தெருவில் சௌந்தர்யாவின் வீடு. செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. அவளுக்கு சொரியாசிஸ். டாக்டர் அதைக் காளாஞ்சகப்படை என்பார். முழங்கையிலும் பின்கழுத்திலும் தோல் தடித்து, செதில் செதிலாக உதிரும். ஒட்டுகிற வியாதி இல்லை. ஆனால் அதைச் சொன்னால் ஊர் நம்பவா போகிறது? வேலை நேரத்தில் உடம்பு முழுக்க மூடுகிற உடுப்பு என்பதால் கம்பெனியில் ஒரே ஒரு தோழியைத் தவிர யாருக்கும் தெரியாமல் காலம் ஓடியது. காலையில் வெட்பாலைத் தைலம் தடவி மொட்டைமாடி வெயிலில் உட்காருவாள். பத்தியத்தை விடாமல் இருப்பாள். மருந்து வாங்க வரும்போதெல்லாம் மேரியிடம் ஒரு மூச்சு அழுதுவிட்டுப் போவாள். எதற்கு? வியாதிக்காக அல்ல. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கருவாடு வறுக்கிறார்களாம், அம்மா கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைக்கிறார்களாம், தான் மட்டும் ரசத்தை ஊற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளாம். மேரி சிரித்துச் சிரித்துத் தேற்றுவாள். பத்தியம் இருந்ததற்குப் பலனும் இருந்தது. கழுத்தில் முக்கால்வாசி தெளிந்துவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வேறு யாருமில்லை, மேரி குடியிருக்கிற தெருவிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிற ஜெயம் அக்காவின் பிள்ளை பாலாஜி. லாரி கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் நிரந்தர வேலை. ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் வைத்துப் பெண் பார்த்தார்கள். இவனுக்கு அவளைப் பிடித்துப்போனது, அவளுக்கும் இவனை. இருவரும் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். சௌந்தர்யா தைலம் வாங்க வந்தபோது மேரியிடம் இதைச் சொல்லி வெட்கப்பட்டாள். மேரிக்குத் தன் வீட்டுப் பெண்ணுக்கே முடிந்த மாதிரி இருந்தது. இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

நிச்சயத்துக்கு முன்னால் நாலு இடத்தில் விசாரிப்பது நம் ஊர் வழக்கம். பெண் எப்படி, குடும்பம் எப்படி என்று எதிர்வீட்டில், மளிகைக் கடையில், கூட வேலை பார்க்கிறவர்களிடம் கேட்பார்கள். சனிக்கிழமை மாவு வாங்கப் போன மேரியை ஜெயம் அக்கா உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கிரைண்டரை நிறுத்தினார். உங்க கிளினிக்குக்குப் பின்னால்தானே அந்தப் பெண்ணின் வீடு, நீ நாள் முழுக்க அங்கே இருக்கிறவள், நாலும் கண்ணில் படுமே, பெண் எப்படி என்று கேட்டார்.

மேரி உஷாராகிவிட்டாள். அந்த மட்டுக்கு அவளைக் குறை சொல்ல முடியாது. சௌந்தர்யா கிளினிக்குக்கு வருகிறாள் என்பதே வாயில் வரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வியாதி, மருந்து, டாக்டர், தைலம், இந்த நாலு வார்த்தையும் வராமல் ஒரு நல்ல வார்த்தை சொல்லி இந்தக் கல்யாணத்தை முடித்துவைக்க வேண்டும். யோசித்தாள். என்ன சொன்னால் ஒரு மாமியாருக்குப் பிடிக்கும்?

"தங்கமான பொண்ணுக்கா. நாக்க அடக்கத் தெரிஞ்ச பொண்ணு. அவுங்க வூட்ல கருவாடு வறுத்துகினு இருப்பாங்க, இது பாட்டுக்கு ரசஞ்சோறு துன்னுட்டுப் போவும். கத்திரிக்காயக்கூடத் தொடாது."

"கத்திரிக்காகூடவா?" என்றார் ஜெயம் அக்கா.

"கோழிகூடக் கெடையாதுக்கா. இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு கெடைக்குமா?"

அடப் பாவமே! படிக்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும். கருவாடு, கத்திரிக்காய், கோழி. இந்த மூன்றையும் ஒருத்தர் சேர்த்து ஒதுக்கினால் என்ன அர்த்தம் என்று சமையலறையில் கால் வைத்த எந்தப் பெண்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். எல்லாம் கரப்பான் பண்டம். தோலில் அரிப்பும் படையும் இருக்கிறவர்களுக்கு ஆகாது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருவது. மேரிக்குத் தெரியாதா? தினமும் அதே பட்டியலைப் பத்துப் பேருக்கு ஒப்பிக்கிறவளே அவள்தான். ஒப்பித்து ஒப்பித்து, அது வைத்தியம் என்பதே அவளுக்கு மறந்துபோய், சௌந்தர்யாவின் நல்ல குணமாகவே மனசில் பதிந்துவிட்டது. ஜெயம் அக்கா எழுந்து பாத்திரத்தை வாங்கினார். மாவை அள்ளும்போது ஒரு கரண்டி கூடவே போட்டார். மேரி தான் சொன்னது நன்றாக எடுபட்டுவிட்டது என்று நினைத்து, வழியெல்லாம் முகம் மலர வீட்டுக்கு வந்தாள்.

அடுத்த வாரத்துக்குள் சம்பந்தம் முறிந்துவிட்டது. ஜாதகம் ஒத்துவரவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. தோல் வியாதியை மறைத்து எங்கள் பிள்ளை தலையில் கட்டப் பார்த்தார்கள் என்ற பேச்சு மாப்பிள்ளை வீட்டிலிருந்து கிளம்பி, மளிகைக் கடை, பால் பூத்து என்று சுற்றி, பின்தெருவுக்கே வந்து சேர்ந்தது. மேரிக்கு அப்போதும் உறைக்கவில்லை. யார் செய்த வேலையோ, நாசமாய்ப் போக என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தாள்.

உறைத்தது ஜெயம் அக்கா வீடு தேடி வந்தபோது. ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார். மேரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீ கடவுளு மாதிரிடீ மேரி. ஒன் வேல போயிடுமேன்னு வாயத் தொறந்து சொல்லல. ஆனா எனக்குப் புரியற மாதிரி பக்குவமா எடுத்துச் சொன்ன பாரு, இந்த ஒதவிய நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மேரிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. ஐயோ அக்கா, நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை என்று கத்தியிருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு ஒட்டுகிற வியாதி எதுவும் இல்லை என்று சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் அப்படிச் சொன்னால் வேறு வியாதி இருக்கிறது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். எதைச் சொன்னாலும் தப்பு. ஜெயம் அக்கா பையை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார். அவளும் வாங்கிக்கொண்டாள். அதுதான் அவளுக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். வாங்கிக்கொண்டாள். லூர்துராஜ் இரண்டு பழம் தின்றுவிட்டுத் தித்திப்பு எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாமா என்று நின்றிருந்தாள்.

இரண்டொரு நாளில் சௌந்தர்யாவின் அம்மா கிளினிக் படியேறி வந்தார். கூச்சல் போடவில்லை. டாக்டரின் எதிரில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு விஷயம் இங்கேயிருந்துதான் வெளியே போயிருக்கிறது, வேறெங்கேயும் யாருக்கும் தெரியாது என்றார். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. மேரியை உள்ளே கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார், பாஸ்வேர்டு இருப்பதைக் காட்டினார், பழைய சீட்டுகள் இருக்கிற பீரோவின் பூட்டை இழுத்துக் காட்டினார். எல்லாம் காட்டிவிட்டு, "இதையெல்லாம் விடுங்கம்மா. மேரி இங்க இருக்கற வரைக்கும் ஒரு எழுத்து வெளிய போவாது. என்னையே நீங்க சந்தேகப்படலாம், மேரியப் படாதீங்க" என்றார்.

அந்த அம்மா மேரியை நிமிர்ந்து பார்த்தார். மேரி தரையைப் பார்த்தாள். அவள் தலை குனிந்திருப்பதும் அடக்கம் என்றே அவருக்குப் பட்டிருக்க வேண்டும். உங்களைச் சொல்லவில்லை மேரி, மனசு கேட்காமல் வந்துவிட்டேன் என்று சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். டாக்டர் அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றி, புதிதாக இன்னொரு பூட்டும் வாங்கிவரச் சொன்னார். மேரிதான் போய் வாங்கி வந்தாள். கடைக்காரன் எதற்கம்மா இவ்வளவு பெரிய பூட்டு என்று கேட்டான். காசை எண்ணி வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பூசையில் நற்கருணை வாங்கப் போகாமல் பின்பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். தப்பு செய்தவன் தெரிந்தே செய்திருந்தால் அவனுக்கு ஒரு சாக்காவது இருக்கும். கோபம், காசு, பொறாமை, ஏதோ ஒன்று. தனக்கு அதுகூட இல்லையே என்று நினைத்தாள். அந்த சூப்பர்வைசரை இத்தனை வருஷம் எத்தனை சாபம் விட்டிருப்பாள்! அவனாவது ஆள் கணக்கு சொன்னான். இவள் கருவாட்டுக் கணக்கு அல்லவா சொல்லியிருக்கிறாள்.

சௌந்தர்யா மருந்துக்கு வருவதை நிறுத்துவாள் என்று எதிர்பார்த்தாள். நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் வந்தாள். படை மறுபடி கழுத்தில் ஏறியிருந்தது. மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் மேரியிடம் கொட்டினாள். பாலாஜியிடம் தானே சொல்லிவிடத்தான் இருந்தாளாம். போனில் வேண்டாம், நேரில் கையைக் காட்டியே சொல்ல வேண்டும் என்று, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரச் சொல்லியிருந்தாளாம். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று மொட்டைமாடியில் தனியாகப் பேசிப் பார்த்தும் வைத்திருந்தாள். சரி என்று சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பான், மாட்டேன் என்று போயிருந்தாலும் போயிருப்பான். எதுவானாலும் அவள் வாயால் கேட்டுவிட்டுப் போயிருப்பான். இப்போது போனை எடுக்கவே மாட்டேன் என்கிறான். அவன் கண்ணில் இவள் பொய்க்காரி ஆகிவிட்டாள்.

"சுவாதிதான்கா சொல்லியிருக்கணும்" என்றாள். சுவாதி அவள் லைனில் கூட நிற்கிறவள், பஸ்ஸில் பக்கத்து சீட்டு, கம்பெனியில் இவள் வியாதியைச் சொன்ன ஒரே ஆள். சத்தியம் செய்தாளாம், அழுதாளாம். சௌந்தர்யா நம்பவில்லை. பஸ்ஸில் எல்லார் முன்னாலும் கேட்கக்கூடாத வார்த்தை கேட்டு, பேச்சை முறித்துக்கொண்டுவிட்டாள். "இப்ப எனக்குன்னு நீங்க மட்டுந்தான்கா" என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். மேரி மருந்துக் கவரை நீட்டினாள். பத்தியம் சொல்ல வாய் வரவில்லை. அவளாகவே எல்லாம் ஞாபகம் இருக்கிறது அக்கா என்று எழுந்து போனாள்.

இப்படியே இருந்துவிடலாமா என்றும் மேரி நினைத்தாள். நினைக்கவில்லை என்று பொய் சொல்வானேன். வேலை இருக்கிறது, பேர் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. ஜெயம் அக்காவும் மேரி பேரை வெளியே விடமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் வனமாமலை மண்ணைப் போட்டார். அவர் கல்யாணத் தரகர். மதிய சாப்பாட்டுக்கு மேரி படியிறங்கி வந்தபோது கீழே செல்போன் கடை வாசலில் நின்றிருந்தார். வணக்கம் போட்டார். ஒரு பையனின் பேரைச் சொன்னார். அவனும் கிளினிக்குக்கு வருகிறவன்தான்.

"ஜெயம்மா சொன்னாங்க. நீங்க நேரா ஒண்ணும் சொல்ல வாணாம்மா. அவரு இன்னா துன்றாரு, இன்னா துன்றதில்ல, அத மட்டும் சொல்லுங்க. நான் புரிஞ்சிக்கிறேன்."

மேரி அவரைத் தாண்டிச் சாலையைக் கடந்தாள். ஒரு டெம்போ பிரேக் போட்டுத் திட்டியது. அவள் காதில் விழவில்லை. தன்னிடம் இப்படி வந்து கேட்கலாம் என்று ஒருத்தருக்குத் தோன்றுகிற நிலைமைக்குத் தான் வந்துவிட்டதை நினைத்து உடம்பெல்லாம் கூசியது. நடுரோட்டில் துணி அவிழ்ந்து நின்றாலும் அவ்வளவு கூசியிருக்காது. சாப்பிடவில்லை. கிளினிக்குக்கும் திரும்பிப் போகவில்லை. டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும், வேலை போனால் போகட்டும். ஆனால் முதலில் கேட்க வேண்டியவள் டாக்டர் இல்லை. மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ்கள் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டாள்.

முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ் வந்தது. முன்வாசலில் சுவாதி இறங்கினாள். ஒல்லியான பெண். டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மாத்தூர் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவை நோக்கி நடந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்த மாதிரி பின்வாசலில் சௌந்தர்யா இறங்கினாள். மேரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சுவாதி சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்" என்றாள் மேரி. சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

சௌந்தர்யா சிரித்துவிட்டாள்.

"சும்மா இருங்கக்கா. எங்க ரெண்டு பேர சேத்து வெக்கறதுக்காக நீங்க பழியத் தூக்கித் தலையில வெச்சிக்காதீங்க."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். சொன்ன கணக்கும் ஆச்சு, நல்லவள் என்ற பேரும் கெடாது. இன்னும் ஒருபடி மேலே ஏறிக்கூட உட்கார்ந்துகொள்ளலாம். அந்த எண்ணம் ஒரு கணம் வந்து போனதை மேரியால் மறைக்க முடியாது, அவள் மாதாவிடம் அதையும் சேர்த்துத்தான் பிறகு சொன்னாள். ஆனால் நிறுத்தவில்லை. மாவுக் கடையில் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். கருவாட்டைச் சொன்னது, ரசஞ்சோற்றைச் சொன்னது, கத்திரிக்காயா என்று ஜெயம் அக்கா கேட்டது, அதற்கு மேல் கோழியையும் தானாகச் சேர்த்துக் கொடுத்தது.

கத்திரிக்காய் என்ற வார்த்தையில் சௌந்தர்யாவின் சிரிப்பு நின்றது. அது சுவாதிக்குக்கூடத் தெரியாது. அந்த மேசையில் உட்கார்ந்து அழுது, அழுததுக்குச் சிரித்து, மேரியிடம் மட்டும் சொன்னது. பக்கத்தில் இன்னொரு பஸ் வந்து நின்றது, ஆட்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அவள் நகரவில்லை. பையிலிருந்து போனை எடுத்தாள். சுவாதியின் பேரைத் திறந்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள், அழுத்தவில்லை. என்னவென்று ஆரம்பிப்பது? திரை தானாக அணைந்தது.

"உன்னப் பத்தி நல்லதுதாம்மா சொல்லணும்னு நெனச்சேன்" என்றாள் மேரி. சொன்ன மாத்திரத்தில் அந்த வார்த்தையே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

சௌந்தர்யா அவளைத் திட்டுவாள் என்று மேரி காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அந்தப் பெண் திட்டவில்லை. சட்டைக் காலரைக் கழுத்துக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, அழுகையும் இல்லாமல் கோபமும் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டாள்.

"வேற யாரப் பத்தியெல்லாம்கா இந்த மாதிரி நல்லது சொல்லிக்கீறீங்க?"

யாரையும் இல்லை என்று சொல்ல மேரி வாயைத் திறந்தாள். அதற்குள் ஒவ்வொரு பேராக ஞாபகம் வந்தது. குடியை விட்டு லேகியம் சாப்பிடுகிற டில்லிபாபுவை வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னபோது, இப்போது டில்லிபாபு சொக்கத்தங்கம், ஒரு வேளைகூட மருந்தைத் தவறவிடுவதில்லை என்று சிபாரிசு செய்திருக்கிறாள். ஐந்து வருஷம் பொறுமையாகச் சூரணம் தின்று கடைசியில் முழுகாமல் ஆனவளைப் பற்றி, நம்பிக்கையை விடக்கூடாது என்பதற்கு உதாரணமாக, அந்தப் பெண்ணின் தெருப் பேரோடு சொல்லியிருக்கிறாள். மாதாமாதம் தெருக்காரர்கள் கூடிச் செபம் சொல்கிற அன்பியக் கூட்டத்தில் மன்றாட்டுச் சொல்கிற முறை வரும்போது, கண்ணை மூடிக்கொண்டு, மனசு உருக, ரஞ்சித்தின் மூலவியாதி குணமாக வேண்டும் ஆண்டவரே, மாரியின் வெள்ளைப்படுதல் நிற்க வேண்டும் ஆண்டவரே என்று பேர் பேராகச் சொல்லி மன்றாடியிருக்கிறாள். அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனையும் முழங்காலில் நின்று, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கூடவே சொல்லியிருக்கின்றன. கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு வந்த கையோடு செய்திருக்கிறாள். அத்தனையும் நல்ல எண்ணம்.

சௌந்தர்யா இன்னும் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"நெறைய பேரப் பத்திம்மா" என்றாள் மேரி.